தனி சவுண்ட்பாரா, சப்வூஃபரோடு வருவதா?

டிவியில் செய்தி, சீரியல், கிரிக்கெட் கமெண்ட்ரி மட்டும்தான் என்றால் தனி சவுண்ட்பாரே (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர், சுருக்கமாக பார்) தாராளம். படமும் பாட்டும் பிரதானம் என்றால் என் ஓட்டு சப்வூஃபரோடு (தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) வரும் 2.1 செட்டுக்குத்தான் (இடது, வலது என இரண்டு சேனல், கூடவே ஒரு சப்), சப் சின்னதாக இருந்தாலும் சரி.

பேஸ் (bass), அதாவது அதிர்வெண் குறைந்த கனத்த ஒலி, வேண்டுமென்றால் காற்றை நிறையத் தள்ள வேண்டும். சத்தம் குறையாமல் அதிர்வெண் பாதியாக இறங்கினால், ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். பாருக்குள் இருக்கும் இரண்டு அங்குல ஸ்பீக்கருக்கு அது நடக்காத காரியம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிர்கிறது. பெரும்பாலான தனி பார்கள் அதற்கு வெகு முன்பே ஓய்ந்துவிடும். கூடவே எழும் மேல் அதிர்வெண்களை வைத்து மீதியைக் காது ஊகித்துக்கொள்வதால் ட்யூன் புரியும், நெஞ்சில் அதிராது.

2.1 செட்டில் கிராஸ்ஓவர் என்ற அதிர்வெண் எல்லைக்கு மேலுள்ள ஒலி பாருக்கு, கீழுள்ளது சப்புக்கு. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வரும் திசையைக் காதால் பிடிக்க முடியாது. இடி சப்பிலிருந்து வந்தாலும் திரையிலிருந்து வருவதாகவே தோன்றும். ஆனால் பார் ரொம்ப மெல்லியதாக இருந்தால் அந்த எல்லை 150 ஹெர்ட்ஸ் வரைகூட ஏறிவிடும். அப்போது ஆண் குரலின் கனமே சப்புக்குப் போகும். சப் சோஃபாவுக்குப் பின்னால் இருந்தால், பேசுபவரின் குரலில் பாதி பின்னாலிருந்து கேட்கும்! அதனால் மெல்லிய பார், பெரிய சப் என்ற ஜோடியைவிட, கொஞ்சம் தடித்த பாரும் அளவான சப்பும் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் அறை. பன்னிரண்டு அடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் ஒலி சுவரோரம் பெருத்து, நட்டநடுவில் தேய்ந்துவிடும். சப்பை உட்காரும் இடத்தில் வைத்து பேஸ் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், கூடவே கீழ்வீட்டுக்காரரின் புகாரும் வரும்.

இப்போதைக்குத் தனி பார், சப் பிறகு என்றால், அதே கம்பெனி அந்த மாடலுக்கென சப் விற்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறு கம்பெனியின் வயர்லெஸ் சப் பொதுவாக அதோடு சேராது. வயர்லெஸ் என்றாலும் சப்புக்குக் கரண்ட் வேண்டும். நல்ல இடம் கிடைத்தாலும் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்க வேண்டும்.