நான்கு காலிலும் ஒயர் இல்லாத ரிலே

பைக்குக்குக் கூடுதல் விளக்கும் ஹாரனும் மாட்டப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். என் வண்டி நடுச்சாலையில் எரிந்து சாம்பலாகாமல் தப்பியதற்கு ஒரே காரணம், பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று பையில் இருந்ததுதான்.

எனக்கு ஒரகடத்தில் வேலை. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வாலாஜாபாத் திரும்பும்போது நள்ளிரவு ஆகிவிடும். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள்; அவை இல்லாத இடங்களில் மாடுகள் படுத்துக் கிடக்கும். ஒருநாள் கறுப்பு எருமை ஒன்றின் மேல் மோத இருந்தேன். அன்றே முடிவு செய்தேன், விளக்கு போட்டே ஆகவேண்டும் என்று. வண்டி வாங்கிப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது.

காஞ்சிபுரத்தில் ஒரு கடை. நாற்பது வாட் ஃபாக் லைட் இரண்டு, இரட்டை ஹாரன், கைப்பேசி சார்ஜர் எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய் என்றார்கள். "ரிலே வைத்துத்தானே செய்வீர்கள்?" என்று நானே கேட்டேன். ரிலே என்பது, பெரிய மின்சாரம் கை சுவிட்ச் வழியாகப் போகாமல் இருக்க இடையில் வைக்கும் சிறிய தானியங்கி சுவிட்ச். "ரிலே இல்லாமல் நாங்கள் எந்த வண்டியையும் வெளியே விடுவதில்லை சார்" என்றார் கடைக்காரர். துண்டுச் சீட்டில் "ரிலே, ஒயரிங்: 850" என்று தனியாகவே எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டில் கடை முத்திரையும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வேலை முடிந்து சோதித்தபோது, விளக்கு எரிய ஹாரனை அழுத்தியதும் பியூஸ் போய்விட்டது. கடைப் பையன் உள்ளே கையை விட்டு ஏதோ செய்தான்; சரியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து சாவியை எடுத்த பிறகும் சார்ஜரில் நீல வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது. தொலைபேசியில் கேட்டேன். "அது அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். மூன்றாவது வாரம் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. "பேட்டரி போய்விட்டது சார், மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிப் புதியது ஒன்றை 1,950 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார்கள். பழையதையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு பத்து நாள் கூட ஆகவில்லை. மழை இரவு. லாரி ஒன்று ஒதுங்காமல் வந்ததால் ஹாரனை அழுத்தினேன். கையை எடுத்த பிறகும் ஹாரன் நிற்கவில்லை. சாவியைத் திருப்பியும் நிற்கவில்லை. டேங்குக்கு அடியிலிருந்து ரப்பர் கருகும் நாற்றம், தொடர்ந்து புகை. வண்டியை மண்ணில் இறக்கி, பக்க மூடியைக் கழற்றி, கைப்பேசி வெளிச்சத்தில் பேட்டரியின் நெகட்டிவ் முனையை ஸ்பேனரால் தளர்த்தி எடுத்தேன். பிறகுதான் சத்தமும் புகையும் அடங்கின. முகப்பு விளக்கும் போய்விட்டது. அந்த இருட்டில் இரண்டு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளினேன். லாரிகள் என்னை உரசிக்கொண்டு போன ஒவ்வொரு முறையும் வீட்டில் தூங்கும் என் மகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் டேங்கைக் கழற்றி வைத்துவிட்டு, சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். "தம்பி, நீயே வந்து பார்" என்றார்.

ரிலே இருந்தது. வண்டியின் இரும்புச் சட்டத்தோடு (ஃபிரேம்) சேர்த்து பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். 30, 85, 86, 87 என்று எண் போட்ட, ஒயர் மாட்டுவதற்கான அதன் நான்கு கால்களும் கடையில் வாங்கிய அன்று இருந்ததைப் போலவே மின்னின. ஒன்றில்கூட ஒயர் இல்லை. யாராவது இருக்கையைத் தூக்கிப் பார்த்தால் ரிலே கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். புதிதாக இழுத்த ஒயரின் பியூஸ் கூட்டைத் திறந்தார். பியூஸுக்குப் பதிலாக முறுக்கிய செம்பு இழை. அன்று அந்தப் பையன் செய்த "சரி" இதுதான்.

அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு விளக்கும் சேர்ந்து எண்பது வாட். பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 6.7 ஆம்பியர். இரட்டை ஹாரன் எட்டு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் பத்து ஆம்பியர் பியூஸ் நிற்குமா? ஒன்று, தடித்த ஒயர் போட்டு விளக்குக்கும் ஹாரனுக்கும் தனித்தனி ரிலேயும் பியூஸும் கொடுத்திருக்க வேண்டும். அல்லது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் பியூஸையே எடுத்துவிட்டார்கள். ரிலே இருந்தால் ஹேண்டில்பார் சுவிட்சின் வழியாகச் சிறு மின்சாரம்தான் போகும்; பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேராக ஹாரனுக்குப் போகும். எனக்கோ அந்த எட்டு ஆம்பியரும் சுவிட்ச் வழியாகவே போயிருக்கிறது. உள்ளே இருந்த பித்தளை முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. அதனால்தான் ஹாரன் நிற்கவில்லை. மெல்லிய ஒயர் சூடேறி, பக்கத்தில் இருந்த கம்பெனி ஒயர்களையும் உருக்கிச் சட்டத்தோடு ஒட்ட வைத்துவிட்டது.

பேட்டரிக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லையாம். 2017 ஏப்ரல் முதல் வரும் இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு மேல் எண்பது வாட் ஏற்றினால், சார்ஜ் ஏறுவதை விட இறங்குவதுதான் அதிகமாக இருக்கும். சாவி எடுத்த பிறகும் எரிந்த சார்ஜர் மிச்சத்தையும் உறிஞ்சிவிட்டது.

சர்வீஸ் சென்டரில் வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனி ஒயரிங்கை நான்கு இடங்களில் சுரண்டி டேப் சுற்றியிருக்கும்போது அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புது ஒயரிங், சுவிட்ச், கூலி எல்லாம் சேர்த்து 9,200 ரூபாய். கடைக்காரரோ, "மழையில் ஓட்டினால் நாங்கள் என்ன சார் செய்வது?" என்றார். உருகிய ஒயரை அவர் மேசை மேல் வைத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீங்கள் போகும்போது வண்டியை எடுப்பதற்கு முன் டேங்கையோ இருக்கையையோ கழற்றச் சொல்லி, ரிலேயின் ஒவ்வொரு காலிலும் ஒயர் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பியூஸை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அது பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். சாவியை எடுத்ததும் எல்லாம் அணைகிறதா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. எண் உள்ள ரசீது தராவிட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பல சுரங்களில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரனை விற்கப் பார்த்தால் வாங்கவே வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 119 அதைத் தடை செய்கிறது.

இப்போது என் வண்டியில் இருபது வாட் விளக்கு இரண்டும் கம்பெனி ஹாரனும்தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ரிலே வாங்கி வந்து கொடுத்தேன்; அண்ணன் என் கண் முன்னாலேயே மாட்டினார். ஐந்து ஆம்பியர் பியூஸ் போட்டிருக்கிறார். எருமை தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருக்கிறது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டேன். யு.பி.ஐ.யில் பணம் கட்டியதால் அந்த விவரம் கைவசம் இருக்கிறது. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். துண்டுச் சீட்டையும் செம்பு இழையையும் அந்த ரிலேயையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.