சிம்னில எஃப்ஐடி வெச்சு அளந்தாங்க, ரெண்டு லேப் ரெண்டு நம்பர்

காரைக்குடில சிக்ரி (மத்திய அரசோட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) தாண்டி நமக்கு சின்னதா ஒரு பெயிண்டிங் யூனிட். பீரோ, ரேக்கு எல்லாம் ஸ்ப்ரே அடிச்சு கேஸ் ஓவன்ல காயவெச்சு அனுப்புறோம். வெளியூர் பார்ட்டி ஒருத்தர், சிம்னில எவ்ளோ ஹைட்ரோகார்பன் (தின்னர் மாதிரி ஆவி) போகுதுன்னு எஃப்ஐடில, அதாவது ஹைட்ரஜன் நெருப்புல ஆவிய எரிச்சு அளக்குற மெஷின்ல, அளந்த ரிப்போர்ட் குடுத்தா தான் ஆர்டர்னுட்டாரு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் குடுத்து சிக்ரிய கொண்டாந்த ஊரு, ஆனா இந்த டெஸ்டுக்கு ஆள் தேடி நான் நாலு ஊருக்கு போன் போட்டேன், அது தனிக்கதை.

மொத வந்த லேப் பேரு வேணாம். ஒரு பொட்டிய தூக்கிட்டு வந்தாங்க, மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் டியூப சிம்னிக்குள்ள விட்டாங்க, அரை மணி நேரத்துல 64 பிபிஎம்னு (பத்து லட்சத்துல 64 பங்கு) சொல்லி டீ குடிச்சிட்டு கெளம்பிட்டாங்க. அவங்க விட்டுட்டுப் போன டியூப் துண்ட எடுத்துப் பாத்தா உள்ள மஞ்சளா பிசுபிசுன்னு, மூக்குகிட்ட கொண்டுபோனா தின்னர் வாசம். இதுல ஒட்டினது மெஷினுக்குள்ள எப்படிய்யா போயிருக்கும்? போன் போட்டு கேட்டா "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்"னாங்க.

ரெண்டாவதா மதுரைப் பக்கத்துல இருந்து வந்தவங்கள பத்தி தான் இந்த ரிவ்யூ. அவங்க ஹோஸே கரண்ட்ல சூடாகுற ஹோஸ், 180 டிகிரில நிக்குது, கனமான ஆவி நடுவழில ஆறி ஒட்டக்கூடாதுன்னு தான் அது. மெஷின் சூடேற மட்டும் ஒரு மணி நேரம், நம்ம லைன்ல வோல்டேஜ் வேற தள்ளாடுது, ஜெனரேட்டர் போட்டோம், எனக்குப் பொறுமையே போச்சு. அப்புறம் உள்ள பட்டுன்னு ஒரு சத்தம். தம்பி பத்திக்கிச்சாங்கறேன், எட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியல. அந்தப் பையன் பளபளன்னு ஒரு ஸ்பேனர எடுத்து எக்ஸாஸ்ட் வாய்ல காட்டுனான், பனி படிஞ்ச மாதிரி மங்குச்சு. "ஹைட்ரஜன் எரிஞ்சா தண்ணி தானேண்ணே, இது வந்தா எரியுதுன்னு அர்த்தம்"னான்.

வேலை செய்யுற விதமும் அவனே சொன்னான். அந்த ஹைட்ரஜன் நெருப்புல தின்னர் மாதிரி கார்பன் உள்ள ஆவி போனா எரியும்போது கொஞ்சம் அயனி உண்டாகும், லட்சக்கணக்கான கார்பன் அணுவுக்கு ஏதோ ஒண்ணு ரெண்டு தான் தேறும், அந்தத் துளி கரண்ட தான் மெஷின் எண்ணுது. கார்பன எண்ணுற மெஷின்ங்கறதால 7 கார்பன் இருக்குற டொலுவீன், 3 கார்பன் இருக்குற புரொப்பேன விட ஒரு பிபிஎம்முக்கு ரெண்டு மடங்குக்கு மேல காட்டும். அதனால தான் ரிப்போர்ட்ல "புரொப்பேன் கணக்குல"ன்னு போட்டாகணும், அத போடாம வெறும் பிபிஎம்முன்னா அந்த நம்பருக்கு மதிப்பே கெடையாது.

எனக்கு ரொம்பப் புடிச்சது காலிபரேஷன் தான், அதாவது அளவு தெரிஞ்ச கேஸ விட்டு மெஷின் சரியா காட்டுதான்னு பாக்குறது. மொத ஆளுங்க சிலிண்டர் கேஸ மெஷின் பின்னாடி நேரா குடுத்தாங்க, அப்ப டியூப்ல ஓட்டை இருந்தாலும் யாருக்குத் தெரியும். இவங்க 80 பிபிஎம் புரொப்பேன சிம்னிக்குள்ள போற முனைலயே விட்டாங்க. ஸ்கிரீன்ல 71லயே நிக்குது. பையன் மூஞ்சி மாறிடுச்சு, ஏணில ஏறி ஜாயிண்ட் ஜாயிண்டா தடவிப் பாத்தான், ஒரு நட்டு லூசு, வெளிக்காத்த இழுத்திருக்கு. முறுக்குனதும் 79.6. வேல முடிஞ்சு திரும்ப அதே கேஸ விட்டு நம்பர் நகரலன்னும் காட்டுனான். மறைக்காம என் கண்ணு முன்னாடியே செஞ்சான் பாருங்க, அதுக்கே காசு குடுக்கலாம்.

ரிசல்ட் 112 பிபிஎம். ஒரு பிபிஎம் புரொப்பேன்னா கன மீட்டருக்கு 1.61 மில்லிகிராம் கார்பன், அப்ப நம்மளுது 180. 64ஐ நம்பி உக்காந்திருந்தவனுக்கு வயிறு கலங்கிருச்சு, ஆனா பார்ட்டிகிட்ட இதைத் தான் அனுப்புனேன்.

கொறையும் இருக்கு. ஓவன் பர்னர் சரியா எரியாம வர்ற கார்பன் மோனாக்சைடு இந்த மெஷினுக்குத் தெரியாது, ஃபார்மால்டிஹைடும் அனேகமா தெரியாது, அத அவங்க முன்னாடியே சொல்லிருக்கணும், நான் கேட்டப்புறம் தான் சொன்னாங்க. ரிப்போர்ட் வர பன்னெண்டு நாளு. காசு மொத லேப்ப விட ரெண்டு மடங்கு. ஹைட்ரஜன் சிலிண்டர பெயிண்ட் பூத் பக்கத்துலயே நிறுத்தப் பாத்தாங்க, நான் தான் சத்தம் போட்டு வேப்பமரத்தடிக்கு நகத்த வெச்சேன்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். கூப்புடுறவங்க ஜெனரேட்டர் டீசல் யார் கணக்குன்னு முன்னாடியே பேசிக்கங்க, என் தலைல தான் கட்டுனாங்க.