இன்கோனெல், டைட்டேனியம் கடைசலில் கூலன்ட்: நாலு வருஷ அனுபவம்

மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் எங்களுக்குச் சின்னப் பட்டறை. ரெண்டு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்), ஒரு விஎம்சி (மில்லிங் மெஷின்). ரொம்ப காலமா எம்எஸ், ஈஎன்8 மாதிரி சாதாரண ஸ்டீல், கொஞ்சம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ்) என்று ஓடிக்கொண்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் வால்வு ஜாப் ஒன்று கைக்கு வந்தது. இன்கோனெல் 718, அதிகச் சூடு தாங்கும் நிக்கல் கலவை உலோகம். அதன் பின்னாலேயே டைட்டேனியம் கிரேடு 5 ஸ்லீவ். எந்த ஆயிலை ஊற்றுவது என்று அன்றைக்கு நான் அலைந்த மாதிரி இன்னொருவர் அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நாளே பாடம் கிடைத்துவிட்டது. ஈஎன்8-க்குப் போடுகிற அதே கூலன்ட்தான் (சூட்டைத் தணிக்கத் தண்ணீரில் 5 சதவீதம் ஆயில் கலந்தது) டேங்கில் இருந்தது. இன்கோனெலில் மூணாவது ஜாப் முடியவில்லை, "அண்ணே, சத்தம் மாறுதுண்ணே" என்றான் மெஷினில் நின்ற தம்பி. இன்சர்ட்டை, அதாவது டூலில் மாட்டுகிற வெட்டும் துண்டை, கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முனை அப்படியே நன்றாக இருக்கிறது. வெட்டு ஆழம் முடிகிற கோட்டில் மட்டும் அரத்தால் ராவியது போல ஒரு பள்ளம். முந்தின கட்டில் இறுகிப்போன மேல்தோல் அந்த ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உரசியதில் வந்தது அது.

இந்த உலோகங்கள் ஏன் இப்படிப் படுத்துகின்றன? வெப்பத்தைக் கடத்தும் திறன் சாதாரண ஸ்டீலுக்கு (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு) 50 வாட் அளவில் இருக்கும். இன்கோனெல் 718-க்கு அது 11 சொச்சம். டைட்டேனியம் கிரேடு 5 7-ஐக்கூடத் தொடாது. ஈஎன்8-இல் சூடு சிப்போடு (சீவி வரும் சுருளோடு) வெளியே போய்விடும். இங்கே போக வழியில்லாமல் டூல் முனையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் கார்பைடு டூலில் வெட்டு வேகத்தை இன்கோனெலுக்கு நிமிஷத்துக்கு 35 மீட்டர், டைட்டேனியத்துக்கு 50 மீட்டர் பக்கம்தான் வைத்து ஓட்டுகிறோம்.

ஆயிலை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி மூணு பிராண்டு மாற்றினேன், காசுதான் போனது. பலன் கொடுத்தது நாசில் (கூலன்ட் பாயும் குழாய் முனை). மெஷினோடு வந்த குழாய் கூலன்ட்டை ஜாப் மேல் பொதுவாக ஊற்றிக்கொண்டிருந்தது. முனையில் சூடு அதிகமானால் தண்ணீர் அங்கே ஆவியாகி ஒரு படலம் போல நின்றுவிடும், பின்னால் வருகிற கூலன்ட்டை உள்ளே விடாது. சிப்புக்கும் இன்சர்ட்டுக்கும் நடுவில் பாய்கிற மாதிரி மெல்லிய நாசில் வைத்து, 20 பார் அழுத்தம் கொடுக்கும் பம்ப் ஒன்றை இணைத்தோம். ஒரு முனையில் மூணு ஜாப் எடுத்த இடத்தில் ஏழு எடுத்தோம். நீளமாகச் சுற்றிக்கொண்டு வந்த சிப்பும் துண்டு துண்டாக உடைந்து விழ ஆரம்பித்தது. பெரிய கம்பெனிகள் 70 பார் வைத்து ஓட்டுகிறார்கள். எங்கள் அளவுக்கு 20 பாரே பெரிய மாற்றம். 1880-களில் அமெரிக்காவில் டெய்லர் என்ற பொறியாளர், சிப் பிரிகிற இடத்திலேயே தண்ணீரைக் கனமாக விட்டால் வேகத்தை 30, 40 சதவீதம் கூட்டலாம் என்று கண்டுபிடித்தார். "பிரிகிற இடத்திலேயே" என்பதுதான் அதில் முக்கியம். அது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

அடுத்தது தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதில் கலந்த கூலன்ட் ரெண்டே வாரத்தில் திரிந்து, டேங்க் ஓரத்தில் சோப்புக் கசடு மாதிரி ஒட்டும். திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினால் அழுகின முட்டை நாற்றம். இப்போது ஆர்ஓ தண்ணீரில் கலக்கிறோம். தண்ணீரில்தான் ஆயிலை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் சரியாகக் கலக்காது. மெஷினின் சறுக்குப் பாதையிலிருந்து கசிந்து மேலே மிதக்கிற ஸ்லைடுவே ஆயிலைத் தினமும் எடுத்துவிடுகிறோம். சித்திரை வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகி அடர்த்தி ஏறிவிடும். அப்போது 2 சதவீதக் கலவையாக ஊற்றி நிரப்புவது நல்லது.

சொட்டுச் சொட்டாகக் காற்றோடு ஆயில் அடிக்கிற எம்க்யூஎல் முறையையும் ஆறு மாதம் பார்த்தேன். மணிக்கு 50 மில்லிதான் செலவு, தரையும் சுத்தமாக இருக்கும். அலுமினியத்துக்கு அருமை. டைட்டேனியம் ஃபினிஷிங்கிலும் பரவாயில்லை. இன்கோனெல் ரஃப்பிங்கில் (முதல் கனத்த வெட்டில்) வழவழப்பு கிடைக்கிறது, குளிர்ச்சி போதவில்லை. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் முறை எங்கள் மாதிரிப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

டைட்டேனியம் எடுக்கிறவர்களுக்கு ரெண்டு விஷயம். ஒரு ஆயில் வியாபாரி "எல்லாத்துக்கும் ஆகும் சார்" என்று கொடுத்த கட்டிங் ஆயிலில் குளோரின் இருந்தது. ஆர்டர் கொடுத்த பார்ட்டியின் டிராயிங்கில் குளோரின் கூடாது என்று தெளிவாகவே போட்டிருந்தது. டைட்டேனியத்தில் அது பின்னாளில் விரிசலுக்கு வழி வைக்கும். நல்லவேளை, டேங்கில் ஊற்றும் முன்னால் டேட்டா ஷீட் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இன்னொன்று, மெல்லிய டைட்டேனியம் சிப் தீப்பிடிக்கும். அதில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், தீ இன்னும் மூர்க்கமாகும். காய்ந்த மணல் வாளி மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடர்த்தியை இப்போது 8 முதல் 10 சதவீதத்துக்குள் வைக்கிறோம். ரிஃப்ராக்டோமீட்டர் (அடர்த்தி பார்க்கும் கருவி) காட்டுகிற எண்ணை ஆயில் டப்பாவில் போட்டிருக்கிற ஃபேக்டரால் பெருக்கினால்தான் சரியான அளவு தெரியும். அது தெரியாமல் ஒரு கோடையில் 14 வரை ஏற விட்டுவிட்டேன். டூல் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் தம்பியின் விரல் இடுக்கெல்லாம் சிவந்து தோல் வெடித்துவிட்டது. ஒரு வாரம் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டான். அந்த ரீடிங்கை இப்போது காலையில் வந்ததும் அவனே பார்த்து, மெஷின் பக்கத்தில் தொங்குகிற நோட்டில் எழுதிவிட்டுத்தான் ஸ்பிண்டிலை ஓட விடுகிறான்.