ஃப்ரீஆர்டிபி ஆப்ஷன்கள்: பத்து வருடக் குறிப்பேடு

எங்கள் ஆடிட்டர் ஆபீசில் டேலி ஓடும் சர்வர் விண்டோஸ். மேஜைகளில் இருக்கும் ஆறு கணினிகளும் உபுண்டு. இரண்டையும் இணைக்க, அதாவது விண்டோஸ் திரையை உபுண்டு லினக்ஸில் திறந்து வேலை செய்ய, 2015-லிருந்து ஃப்ரீஆர்டிபி என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். ஆர்டிபி என்பது விண்டோஸின் தொலைத் திரை முறை. அதைப் பற்றி மட்டுமில்லாமல், அதன் கமாண்ட் லைன் ஆப்ஷன்களை (கட்டளையோடு சேர்த்துத் தட்டும் அமைப்புகளை) எழுதி வைத்துக்கொண்ட அனுபவத்தையும் இங்கே பகிர்கிறேன். மென்பொருள் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. நான் சிக்கிக்கொண்ட நேரங்களில் பெரும்பாலும் என் குறிப்பில்தான் ஏதோ விடுபட்டிருந்தது.

ஆர்டெஸ்க்டாப் என்ற பழைய மென்பொருளிலிருந்து 2009-ல் பிரிந்து வந்தது ஃப்ரீஆர்டிபி. அது ஒரு லைப்ரரி, மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. தொலைத் திரையைத் திறக்கும் ரெம்மினாவும் க்னோம் கனெக்‌ஷன்ஸும் உள்ளுக்குள் அதைத்தான் அழைக்கின்றன. நாங்கள் டெர்மினலில் தட்டும் எக்ஸ்ஃப்ரீஆர்டிபி, அந்த லைப்ரரிக்கு மேல் வைத்த ஒரு வாசல். ரெம்மினாவில் இணைப்பு வராதபோது முதலில் எக்ஸ்ஃப்ரீஆர்டிபியில் முயன்று பார்ப்பேன். அங்கே எந்த ஆப்ஷனால் சரியாகிறது என்று தெரிந்தால், ரெம்மினாவின் அமைப்புகளில் எந்தப் பெட்டியைத் தொட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நான் தொடங்கியது உபுண்டு 14.04-ல். அப்போது 1.0 பதிப்பு. பயனர் பெயருக்கு '-யு', திரை அளவுக்கு '-ஜி' என்று ஆர்டெஸ்க்டாப் பாணியிலேயே எழுதுவோம். அடுத்த வருடம் 16.04-க்கு மாறியபோது 1.1 வந்தது. அதில் எல்லாம் சாய்கோட்டுக்கு மாறியிருந்தது: '/வி:' சர்வர், '/யு:' பயனர், '/பி:' கடவுச்சொல். ஆனால் இந்த ஆப்ஷன்களை எழுதி வைத்திருந்த பழைய ஸ்கிரிப்ட் உடையவில்லை. பழைய பாணியில் கொடுத்தால், இது கைவிடப்பட்ட முறை என்று எச்சரித்துவிட்டு, இதற்குப் பதில் இப்படி எழுது என்று ஒவ்வொன்றுக்கும் புதிய வடிவத்தையும் காட்டியது. அந்த வரிகளைப் பார்த்துத்தான் என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தையே எழுதினேன்.

இலக்கணம் எளிமையானது. சாய்கோடு போட்டுப் பெயர் எழுதினால் அது இயங்கும். மதிப்பு வேண்டும் என்றால் முக்காற்புள்ளி வைத்து எழுத வேண்டும். ஆன், ஆஃப் வகைகளுக்கு '+' அல்லது '-'. '+கிளிப்போர்டு', '-வால்பேப்பர்' என்கிற மாதிரி. ஹெல்ப் பட்டியலின் தலைப்பிலேயே இது மூன்று வரியில் இருக்கிறது. பலர் அந்த மூன்று வரியைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு கூட்டல் குறியா சாய்கோடா என்று குழம்புகிறார்கள். அந்த வகைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த ஹெல்ப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆப்ஷன்கள் எல்லாம் ஒரே ஹெடர் கோப்பில் ஓர் அட்டவணையாக இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் பெயர், மதிப்பு கட்டாயமா இல்லையா, மதிப்பின் வடிவம், இயல்பு மதிப்பு, மாற்றுப் பெயர், ஒரு வரி விளக்கம். கமாண்டைப் பிரித்துப் படிக்கும் நிரலும் அந்த அட்டவணையைத்தான் பார்க்கிறது. ஹெல்ப்பை அச்சிடும் நிரலும் அதையேதான் பார்க்கிறது. மேன் பக்கம் என்ற லினக்ஸ் கையேட்டின் ஆப்ஷன் பகுதியைக்கூட யாரும் கையால் எழுதுவதில்லை. ஒரு சிறிய சி நிரல் அதே அட்டவணையைப் படித்து உருவாக்குகிறது. அதனால் நிரலில் இருக்கும் ஆப்ஷன் ஹெல்ப்பில் விடுபட்டுப் போகாது. ஒரு விளக்கம் குழப்பமாக இருந்தால் திருத்த வேண்டிய இடமும் அந்த ஒரே கோப்புதான். இணையத்தில் எங்கோ கிடைத்த வரியைவிட, நம் கணினியில் இருக்கும் ஹெல்ப்பை நான் நம்புவது இதனால்தான்.

ஆனால் அட்டவணைக்கு ஓர் எல்லை உண்டு. ஓர் ஆப்ஷனைப் பற்றி அது சொல்லும். இரண்டு ஆப்ஷன்களுக்கு இடையே இருக்கும் உறவைச் சொல்லாது. ஜன்னலை இழுத்தால் அதற்கேற்பத் தொலைத் திரையின் அளவே மாற வேண்டும் என்றால் '/டைனமிக்-ரெசல்யூஷன்'. படத்தை மட்டும் சுருக்கி விரித்துக் காட்ட '/ஸ்மார்ட்-சைஸிங்'. இரண்டும் நல்லதுதானே என்று ஒன்றாகப் போட்டேன். சேர்ந்து வராது என்று மறுத்துவிட்டது. அகர வரிசையில் இரண்டும் வெகுதூரம் தள்ளி இருப்பதால் படிக்கும்போது இது பிடிபடாது. அதேபோல முதல் ஆப்ஷனுக்கு சர்வர் 2012 ஆர்2 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். இந்த மாதிரித் தகவல்களைத்தான் நான் கையால் எழுதத் தொடங்கினேன்.

கடவுச்சொல் விஷயத்தில் ஒரு முழு மாலை போனது. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு வைத்த கடவுச்சொல்லில் டாலர் குறி இருந்தது. விண்டோஸில் நேராகத் தட்டினால் உள்ளே போகிறது. ஸ்கிரிப்டில் போட்டால் 20014 என்று முடியும் பிழை. அந்த எண் சொல்வது, இணைப்பு சரி, உள்நுழைவுதான் தவறு என்பது. சர்வர் பக்கம் எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இரட்டை மேற்கோளுக்குள் இருந்த டாலரை, டெர்மினலில் கட்டளைகளைப் படிக்கும் ஷெல் ஒரு மாறியாக எடுத்து விழுங்கிவிட்டது. ஒற்றை மேற்கோளுக்கு மாற்றியதும் சரியானது. அதன் பிறகு ஸ்கிரிப்டில் '/பி:' எழுதுவதையே நிறுத்திவிட்டோம். அதை விட்டுவிட்டால் மென்பொருளே கேட்கும். ஷெல் வரலாற்றிலும் கடவுச்சொல் தங்காது.

அடுத்தது சான்றிதழ், அதாவது சர்வர் தான் யார் என்று காட்டும் அடையாளம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். '/செர்ட்:டோஃபு' என்று கொடுத்தால், முதல் முறை பார்க்கும் சான்றிதழை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு மாறினால் எச்சரிக்கும். நல்ல முறை. ஆனால் விண்டோஸ் தானே உருவாக்கிக்கொள்ளும் ஆர்டிபி சான்றிதழின் ஆயுள் ஆறு மாதம்தான். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆபீசில் ஆறு பேருக்கும் ஒரே காலையில் எச்சரிக்கை வரும். வரி தாக்கல் நாளில் அது வந்தால் என்ன நடக்கும்? ஒருமுறை அப்படி வந்தபோது '/செர்ட்:இக்னோர்' போட்டு வேலையை முடித்தேன். சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. யார் சர்வர் என்று சொல்லிக்கொண்டு நடுவில் வந்து நின்றாலும் நம்பிக்கொள்ளும் நிலையில் பல மாதம் அந்த ஸ்கிரிப்ட் ஓடியது.

இதேபோல இன்னொன்று. 2022-ல் மேஜைகளை உபுண்டு 22.04-க்கு மாற்றினோம். அதில் இணைப்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 3-ஆம் பதிப்பு. எங்களிடம் அப்போது விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 ஒன்று பழைய கணக்குகளுக்காக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்திருந்தது. அதன் பழைய டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) பதிப்பைப் புதிய ஓப்பன்எஸ்எஸ்எல் ஏற்காததால் இணைப்பு அறுந்தது. '/டிஎல்எஸ்-செக்லெவல்:0' என்று பாதுகாப்பு அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் போகிறது என்று கண்டுபிடித்துச் சேர்த்தேன். மறு வருடம் அந்த சர்வரையே எடுத்துவிட்டு 2019 வைத்தோம். ஸ்கிரிப்டில் அந்தப் பூஜ்யம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. ஏனென்றால் குறிப்பில் "இது இல்லாவிட்டால் போகாது" என்று மட்டும் எழுதியிருந்தேன். எந்த சர்வருக்காகச் சேர்த்தது என்று எழுதவில்லை. பின்னால் அதைப் படித்த யாருக்கும் எடுக்கத் துணிச்சல் வரவில்லை, எனக்கும்தான்.

அதிலிருந்து குறிப்பேட்டில் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் இரண்டு கட்டங்கள் கட்டாயம். ஒன்று, எதனால் சேர்த்தோம். மற்றொன்று, எது மாறினால் எடுத்துவிடலாம். பூஜ்யத்துக்கு நேரே அன்று "2008 ஆர்2 போகும் நாள்" என்று எழுதியிருந்தால் போதும். சான்றிதழுக்கு இப்போது எழுதியிருப்பது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும், பதற வேண்டாம், சர்வரில் சான்றிதழின் விரல்ரேகை எண்ணைப் பார்த்து ஒப்பிட்ட பிறகு ஏற்கவும். நான்கு சொல்லில் முடிகிற ஹெல்ப் விளக்கத்தில் இதற்கு இடமில்லை, இருக்கவும் முடியாது. இது எங்கள் ஆபீசின் கதை.

பிரிண்டர் சின்ன விஷயம்தான், ஆனால் அதிகம் கேட்கப்படுவது. "அண்ணா, பார்ட்டிக்கு அனுப்புற பில்லுல லோகோ கருப்பா வருது" என்று வருவார்கள். '/பிரிண்டர்' என்று மட்டும் கொடுத்தால் 2 வரிசைப் பதிப்புகள் விண்டோஸிலேயே இருக்கும் 'எம்எஸ் பப்ளிஷர் இமேஜ்செட்டர்' டிரைவரை எடுத்துக்கொள்கின்றன. அது கருப்பு வெள்ளை. பிரிண்டர் பெயருக்குப் பின் காற்புள்ளி வைத்து 'எம்எஸ் பப்ளிஷர் கலர் பிரிண்டர்' என்று கொடுத்தால் நிறம் வரும். டிரைவர் பெயரில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் அவசியம். கோப்புப் பகிர்வுக்கு '+ஹோம்-டிரைவ்' சுலபம்தான், ஆனால் வீட்டு அடைவு முழுவதும் சர்வருக்குத் தெரியும். '/டிரைவ்:' கொடுத்து ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் திறந்து வைத்திருக்கிறோம்.

2023 டிசம்பரில் 3.0 வந்தது. உபுண்டு 24.04-ல் அது எக்ஸ்ஃப்ரீஆர்டிபி3 என்று தனிப் பெயரில் இருக்கிறது. 2 வரிசையும் பக்கத்திலேயே கிடைக்கிறது. இந்த முறை மாற்றம் பெரியது. தனித்தனியாகச் சிதறிக் கிடந்த ஆப்ஷன்களை ஒரு தலைப்பின் கீழ் சேர்த்திருக்கிறார்கள். '/செர்ட்-இக்னோர்' இப்போது '/செர்ட்:இக்னோர்' மட்டும்தான். டிஎல்எஸ் அளவு '/டிஎல்எஸ்:செக்லெவல்:' ஆகிவிட்டது. கீபோர்டு பட்டியலும் மானிட்டர் பட்டியலும் '/லிஸ்ட்:' என்பதற்குள் போய்விட்டன. எனக்கு இந்த அடுக்கு பிடித்திருக்கிறது. சான்றிதழ் சம்பந்தமான எல்லாம் ஒரே வரியில் கண்ணில் படுகிறது. ஆனால் எங்கள் ஸ்கிரிப்டுகள் முதல் நாளே நின்றுவிட்டன. பிழைச் செய்தி எத்தனையாவது இடத்தில் எந்தச் சொல் புரியவில்லை என்று காட்டிவிடுவதால், ஒவ்வொன்றாகத் திருத்தி மதியத்துக்குள் முடித்தேன். அன்றுதான் குறிப்பேட்டில் பதிப்பு எண் என்ற கட்டமும் சேர்ந்தது. பதிப்பு எழுதாத ஆப்ஷன் குறிப்பு, தேதி இல்லாத ரசீது மாதிரி.

3-ல் எனக்கு மிகவும் உதவியது '/ஆர்க்ஸ்-ஃப்ரம்:'. ஒரு கோப்பில் வரிக்கு ஓர் ஆப்ஷனாக எழுதி அந்தக் கோப்பைக் காட்டினால் போதும். இதனுடன் வேறு எந்த ஆப்ஷனும் சேர்த்துக் கொடுக்க முடியாது. அந்தக் கட்டுப்பாடு எங்களுக்கு வசதியாகவே போயிற்று. என்ன ஓடுகிறது என்பது கோப்பில் இருப்பது மட்டும்தான், யாரும் நடுவில் ஒன்றைச் செருக முடியாது. ஷெல் குறுக்கே வராததால் மேற்கோள் தொல்லையும் இல்லை. ஆறு கணினிக்கும் ஆறு கோப்பு. குறிப்பேட்டின் வரிசையும் கோப்பின் வரிசையும் ஒன்றாகவே இருக்கிறது.

கடைசியாக தமிழ் தட்டச்சு. லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வைத்துத் தமிழ் அடிப்பவர்கள் தொலைத் திரைக்குள் போனதும் ஆங்கிலம்தான் விழுகிறது என்பார்கள். எக்ஸ்ஃப்ரீஆர்டிபி இயல்பாக அனுப்புவது எழுத்தை அல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை. அதை எழுத்தாக்குவது விண்டோஸ் பக்கம். ஆகவே தமிழ் விசைப்பலகையை சர்வரில் நிறுவ வேண்டும். அங்கே மாற்றிக்கொண்டால் அடிக்கலாம். விண்டோஸின் தமிழ் அமைப்பின் எண் 0449. '/லிஸ்ட்:கேபிடி' பட்டியலில் பார்க்கலாம். அவசரத்துக்கு லினக்ஸில் அடித்து கிளிப்போர்டு வழியாக ஒட்டினாலும் தமிழ் அப்படியே வருகிறது. இந்த வரியை மட்டும் குறிப்பேட்டின் அட்டையிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.