ஊருக்குப் போன மூன்றாம் நாள்

கனடாவிலிருந்து கிளம்பும்போது கொசுவிரட்டி வரை யோசித்துப் பெட்டியில் வைத்தேன். வயிற்றைப் பற்றி யோசிக்கவில்லை. பிறந்து வளர்ந்த ஊர்த் தண்ணீர் என்னை என்ன செய்துவிடும் என்ற திமிர். 2025 ஆடியில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இறங்கிய மூன்றாம் நாள், திருவிழாக் கடையில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு குடித்தேன். மறுநாள் இரவு காய்ச்சல், அடிவயிற்றில் முறுக்கு, சளியும் ரத்தமுமாகக் கழிச்சல்.

மருந்துக்கடையில் சீட்டே கேட்கவில்லை. கழிச்சலை நிறுத்தும் மாத்திரை நான்கைக் கத்தரித்துக் கொடுத்து, ஓ.ஆர்.எஸ். (கழிச்சலில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல்) என்று கொட்டை எழுத்தில் போட்ட ஆரஞ்சுச் சுவைப் பானத்தையும் நீட்டினார்கள். காசு கொடுத்து வாங்கியவை இரண்டுமே தவறு.

அண்ணிதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனார். இளம் டாக்டர், வெளியே நாற்பது பேர் நின்றும் அவசரப்படவில்லை. "வெறும் தண்ணீராகப் போனால் பெரும்பாலும் சிறுகுடல் சங்கதி. ரத்தமும் சளியும் வந்தால் பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகியிருக்கிறது. ஷிகெல்லா மாதிரி பாக்டீரியாவாக இருக்கலாம், அமீபாவாகவும் இருக்கலாம். மருந்து வேறு வேறு. இந்த மாத்திரையைப் போட்டால் கிருமியைத்தான் உள்ளே அடைத்து வைப்பீர்கள்." மலத்தை நுண்ணோக்கியில் பார்த்ததில் அமீபா இல்லை, சீழணுக்கள் நிறைய; பாக்டீரியாதான் என்று முடிவானது. மூன்று நாளுக்கு ஆன்டிபயாடிக் தந்தார்கள்.

நர்ஸ் அம்மா உண்மையான ஓ.ஆர்.எஸ். ஆன உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு லிட்டர் பாட்டிலில் முழுவதையும் கொட்டிக் குலுக்கினார். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்ற கணக்கெல்லாம் கூடாதாம். உலக சுகாதார நிறுவன அளவுப்படி லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். உப்பைக் குடல் உறிஞ்சுவதற்குத் துணையாகத்தான் அந்தக் குளுக்கோஸ். சர்க்கரை மிஞ்சினால் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துக் கழிச்சலைக் கூட்டிவிடும். அந்த அளவில் இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த ஆண்டு அக்டோபரில்தான் உத்தரவிட்டது. நான் அதற்குள் இரண்டு பெட்டி குடித்துவிட்டேன்.

எல்லாம் இலவசம். டொராண்டோவில் அவசரப் பிரிவில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒரே குறை, பரிசோதனைக்கு மல டப்பாவோடு வருகிற அத்தனை பேரும் தொடும் குழாயடியில் சோப்பு இல்லை. மறுநாள் அண்ணி வீட்டிலிருந்து பாதி தேய்ந்த சோப்பொன்றைக் கொண்டுபோய் வைத்தார். மூன்றாம் நாள் பார்த்தேன்: யாரும் எடுத்துப் போகவில்லை, கொஞ்சம் கரைந்திருந்தது.