அடுக்குமாடியில் சிபிவிசி தண்ணீர் லைன்: பத்து வருஷம் ஓடிய பிறகு

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை விட்டு சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப்புக்கு மாறிய அடுக்குமாடிகள் பலவும் பத்து வருஷம் தாண்டிவிட்டன. பைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடற்காற்றும் போர் கிணற்று உப்புத் தண்ணீரும் ஜி.ஐ.யை அரித்ததுபோல இதை அரிக்கவில்லை, உள்ளே துரு அடைத்து ஓட்டமும் குறையவில்லை. முதல் தொல்லை பிளாஸ்டிக் முடிந்து இரும்பு தொடங்குகிற இடத்தில்தான்.

குளியலறைச் சுவருக்குள் வைக்கிற பித்தளை மரை எல்போவில் (உள்ளே பித்தளை மரை பதித்த பிளாஸ்டிக் வளைவு) விலை குறைவென்று ஜி.ஐ. நிப்பிள் (இரு முனையிலும் மரை உள்ள குட்டை இணைப்புக் குழாய்) போட்டுவிடுகிறார்கள். பித்தளையோடு சேர்ந்த இரும்பு உப்புத் தண்ணீரில் சீக்கிரம் அரிக்கும். கழற்றிப் பார்த்தால் மரை இருந்த இடத்தில் செம்பழுப்புப் பொருக்குதான் இருக்கும், விரலால் அழுத்தினாலே உதிரும். டைல்ஸ் இடுக்கில் ஈரம் தெரிவதற்குள் சுவர் ஊறிப்போயிருக்கும். பித்தளை அல்லது எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) நிப்பிளே போடுங்கள். கையால் முறுக்கி நின்றபின் ஸ்பேனரில் ஒரு சுற்று போதும். மேலும் இறுக்கினால் பித்தளையைச் சுற்றிய பிளாஸ்டிக் மயிரிழையாகக் கீறி, மாதக்கணக்கில் கழித்து ஒழுகும். சணலும் பெயின்ட்டும் இங்கே ஆகவே ஆகாது, எண்ணெய்ப் பசை சிபிவிசியை வெடிக்க வைக்கும். டெஃப்லான் டேப் மட்டும்தான்.

மொட்டை மாடி லைன் அடுத்த பலவீனம். 30 டிகிரி சூடு ஏறினால் 10 மீட்டர் பைப் சுமார் 2 சென்டிமீட்டர் நீளும். கிளாம்பை இறுக்கிப் பிடித்தால் அந்த இழுவை முழுவதும் எல்போவில் விழும். கிளாம்ப் தளர்வாக இருக்கட்டும், நீளமான ஓட்டத்தில் ஒரு யு வளைவு விடுங்கள். வெயில் படுகிற பைப்புக்கு வெள்ளை எமல்ஷன் அடியுங்கள், ஆயில் பெயின்ட் வேண்டாம்.

கீழே இறங்கும் ஒவ்வொரு லைனிலும் வால்வுக்கு அடுத்து ஒரு முக்கால் இஞ்ச் ஏர் வென்ட் (காற்று போக விடும் குழாய்), டாங்கின் ஓவர்ஃப்ளோ மட்டத்துக்கு மேலே ஏறி நிற்க வேண்டும். இதை வைக்காத கட்டடங்களில் டாங்க் கழுவிய மறுநாள் காற்று அடைத்து, தண்ணீர் விட்டுவிட்டு வரும்.

மேல் மாடியில் ஷவர் பலமாக வருவதில்லை என்ற புகாருக்கு பைப் காரணமில்லை. 10 மீட்டர் உயரத்துக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. டாங்க் 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 கிலோதான். கடைசி மாடிக்குத் தனி லைன் இறக்கி, சின்ன பிரஷர் பம்பு வைப்பதே வழி.

பிற்பாடு திருத்த மிகவும் கஷ்டமானது, நகராட்சித் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே லைனில் இணைத்து நடுவில் ஒரு வால்வு வைப்பது. வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலே உப்புத் தண்ணீர் சமையலறைக் குழாய்க்கு வந்துவிடும். இரண்டுக்கும் சம்ப் (தரைக்கடித் தொட்டி), டாங்க், லைன் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். போர் தண்ணீர் கட்டாயம் குடிநீர் டாங்குக்கு வரவேண்டுமென்றால், பைப் வாய் தண்ணீர் மட்டத்தைத் தொடாமல் மேலே நின்று திறந்து விழ வேண்டும்.