ஸ்டிக்கரில் 1990 என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள்: பொகவந்தலாவ, நோர்வூட் பக்கத்து உறவுகள் கவனத்துக்கு

தோட்டத்தில் வயதான ஆட்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் இதைத் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். 1990 என்பது இலங்கை அரசாங்கத்தின் இலவச அவசர அம்புலன்ஸ் எண். அந்த எண்ணைக் காட்டி ஏமாற்றியது எங்கள் வீட்டில் நடந்தது. காசு போனதைக்கூட விட்டுவிடலாம். அம்மா அன்றைக்கு உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது கடவுள் புண்ணியம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு பதினொன்றரை இருக்கும். அம்மாவுக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. வயது 67, நாற்பது வருசம் கொழுந்துக்கூடை சுமந்த உடம்பு. உட்கார வைத்தால் சாய்கிறார், படுக்க வைத்தால் மூச்சு வாங்குகிறது. எங்கள் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, மேல்கணக்கில், தோட்டத்தின் மேல் பிரிவில். அந்த நேரத்தில் டிஸ்பென்சரியில் யாரும் இருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுத் தம்பியின் ஆட்டோ டயர் போய் நின்றது.

"கடையில ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்களே, நான் போட்டோ எடுத்து வச்சேன்" என்று மனைவி போனை நீட்டினாள். சிவப்பும் வெள்ளையுமான ஸ்டிக்கர். மேலே கொட்டை எழுத்தில் 1990. அதன் கீழே "24 மணி நேர அவசர அம்புலன்ஸ், அரச அங்கீகாரம் பெற்றது". அதற்கும் கீழே, சின்னதாக, 07-இல் தொடங்கும் பத்து இலக்க எண். அந்தப் பதற்றத்தில் முழு எண்ணாகத் தெரிந்ததைத்தான் அழுத்தினேன். மேலே இருந்த நான்கு இலக்கமே முழு எண் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. அந்த நேரத்தில் தோன்றவில்லை.

எடுத்தவர் நல்ல தமிழில் பேசினார். "1990 தானே?" என்று கேட்டேன். "ஆமாண்ணே, அதே சேர்விஸ்தான். ஆனா தோட்டத்துக்குள்ள வர்றதுன்னா டீசல் காசு நீங்கதான் பார்த்துக்கணும். எட்டாயிரம் போட்டுட்டு ஸ்லிப்ப அனுப்புங்க, வண்டி கிளம்பிரும்."

ஏன் நம்பினாய் என்று கேட்பீர்கள். 2022-இல் எண்ணெய் இல்லாமல் 1990 வண்டிகளே ஓட முடியாமல் நின்ற காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். அரசாங்கத்திடம் காசு இல்லை, அதனால் நம்மிடம் கேட்கிறார்கள் என்று அந்த நேரத்துக்குச் சரியாகத்தான் பட்டது. அம்மா அப்படிக் கிடக்கும்போது யார் பேரம் பேசுவது? போனிலேயே போட்டுவிட்டேன்.

வந்தது ஒரு பழைய வேன். பின்னால் ஒரு கட்டில், அதன் பட்டி அறுந்து, சேலைக் கிழிசலால் முடிச்சுப் போட்டிருந்தது. ஒட்சிசன் சிலிண்டர் இருந்தது. மாஸ்க் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட விட்டு வெளியே வரவில்லை. சிலிண்டரின் முள் பூச்சியத்தில் நின்றது. "திறந்து விடுங்க தம்பி" என்றேன். "அது டவுன்ல போய்த்தான் நிரப்பணும்" என்றான். கூட ஒரு தாதியோ வைத்திய உதவியாளரோ கிடையாது. சாரதி ஒருவன் மட்டும். அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு கட்டில் சரியாமல் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு வந்தேன்.

நோர்வூட் தாண்டியதும் இன்னொரு கூத்து. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் திருப்பாமல், அதையும் தாண்டி ஒரு தனியார் இடத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தான். "அங்கதான் பெரிய டொக்டர் இருக்கார், எங்க கணக்கு அங்கதான்" என்றான். நான் கத்திய கத்தில்தான் டிக்கோயாவுக்குத் திருப்பினான். வாசலில் அம்மாவை இறக்குவதற்கு முன்னால் இன்னும் பத்தாயிரம் கேட்டான். கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு, கலண்டர் தாளைக் கிழித்து "ஹயர் 18000" என்று எழுதித் தந்தான். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உள்ளே நல்லபடியாகக் கவனித்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த ஒரு அக்கா, "1990-க்கு எதுக்குத் தம்பி காசு? அது இலவசம் இல்லையா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

இதில் எனக்கு ஆறாத விசயம் ஒன்று உண்டு. 2017 மே 12 அன்று நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி வந்து பேசியபோது நானும் கூட்டத்தில் நின்றேன். 1990 சேவையை மற்ற மாகாணங்களுக்கும் விரிவாக்குவோம் என்று அவர் அறிவித்தது அந்த மேடையில்தான். அதே நாளில்தான் டிக்கோயா ஆஸ்பத்திரியின் புதிய கட்டடமும் திறக்கப்பட்டது. அதே ரோட்டில்தான் நான் 18000 ரூபாய் கட்டினேன்.

அந்த இலவசம் எப்படி வந்தது என்பது தெரிந்தால் யாரும் நம்மை இப்படி ஏமாற்ற முடியாது. 2016 ஜூலையில் இந்திய நன்கொடையில் 88 வண்டிகளோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. பிறகு இன்னும் 209 வண்டிகள் சேர்ந்து, எல்லா மாகாணங்களுக்கும் வந்தது. 2018-இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட்டது, 18-ஆம் இலக்கச் சட்டம். அதன்படி 1990-ஐ நடத்த அமைந்ததுதான் சுவசெரிய மன்றம். வண்டி நன்கொடையில் வந்தாலும், டீசலுக்கும் சம்பளத்துக்கும் அரசாங்கம்தான் காசு ஒதுக்குகிறது. அதாவது நம் காசு. நாம் போனுக்குக் காசு போடும் ரீலோடில்கூட 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொலைத்தொடர்பு வரி பிடிக்கிறார்கள், அது திறைசேரிக்குத்தான் போகிறது. ஏற்கெனவே கட்டிய ஒன்றுக்கு என்னிடம் மறுபடி டீசல் காசு வாங்கியிருக்கிறான் ஒருத்தன்.

அமெரிக்காவில் அவசர உதவி எண்ணான 911-க்கென்று போன் பில்லிலேயே கட்டணம் பிடிக்கிறார்கள். அந்தக் காசை எந்த மாநிலமாவது வேறு செலவுக்குத் திருப்பினால், அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணைக்குழு ஆண்டுதோறும் அதை நாடாளுமன்றத்துக்கு அறிக்கையாகக் கொடுக்க வேண்டும் என்று 2008-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே 1990 என்ற இலக்கத்தை ஸ்டிக்கரில் அச்சடித்து, கீழே சொந்த நம்பரைப் போட்டு, கடை கடையாக ஒட்டுகிறவனை யார் பார்க்கிறார்கள்? தனியார் அம்புலன்ஸ் நடத்த 2006-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையில் பதிந்திருக்க வேண்டும். அந்த வேனுக்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்டபோது "அதெல்லாம் ஓனருக்குத்தான் தெரியும்" என்றான் சாரதி. ஓனர் போனை எடுக்கவே இல்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.

இரண்டு வாரம் கழித்து அம்மாவுக்கு மறுபடி மூச்சு முட்டியது. இந்த முறை வெறும் 1990 மட்டும் அழுத்தினேன். தமிழில்தான் பேசினேன், தமிழில்தான் பதில் வந்தது. எந்தத் தோட்டம், எந்தக் கணக்கு, பக்கத்தில் கோயிலா ஸ்டோரா (தேயிலைத் தொழிற்சாலையா) என்று கேட்டார்கள். இங்கே ஒரு விசயம்: நாம் தோட்டத்தைக் கூப்பிடும் பெயர் வேறு, வரைபடத்தில் இருக்கும் பெயர் வேறு. அந்த இங்கிலீஷ் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். லயம் வரை வண்டி ஏறாது என்று முதலிலேயே சொன்னேன். நாங்கள் நான்கு பேர் அம்மாவை நாற்காலியில் வைத்து ஸ்டோர் சந்திக்குத் தூக்கி வந்தோம். கொஞ்ச நேரத்தில் வண்டி வந்து நின்றது. உள்ளே ஒரு வைத்திய உதவியாளர். ஏற்றியதும் விரலில் கிளிப் மாட்டினார், மாஸ்க்கைப் போட்டார். சிலிண்டரிலிருந்து காற்று வரும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. டிக்கோயாவில் இறக்கிவிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஐந்து சதம் கேட்கவில்லை.

ஆகவே, 1990 என்று சொல்லிக்கொண்டு முன்பணம் கேட்டால் உடனே போனை வையுங்கள். பத்து இலக்கக் கைப்பேசி எண் 1990 கிடையாது. வேறு வழியில்லாமல் தனியார் வண்டியைத்தான் பிடிக்க வேண்டுமென்றால், அம்மா அப்பாவை ஏற்றுவதற்கு முன் சிலிண்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், எந்த ஆஸ்பத்திரி என்று பேசிவிட்டு ஏற்றுங்கள்.

எங்கள் பகுதிக்கு எத்தனை 1990 வண்டி, இரவில் எங்கே நிற்கிறது என்று தகவல் அறியும் சட்டத்தின் கீழ் இந்த வாரம் விண்ணப்பம் போடுகிறேன். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன்.

அந்த ஸ்டிக்கர் எங்கள் டவுனில் இன்னும் இரண்டு கடையில் இருக்கிறது. முதலாளிமார் நல்லவர்கள்தான், விசயம் தெரியாமல் ஒட்ட விட்டிருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கடையில் பார்த்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இதே வண்டிக்குக் காசு கட்டியவர்கள் யாராவது இருந்தால், கலண்டர் தாளாக இருந்தாலும் பரவாயில்லை, அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஒரே முறைப்பாடாகச் சேர்த்துக் கொடுக்கலாம்.